வரலாறு உள்ள சின்னக் கரையோர ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணம் பற்றிப் பேச்சு எடுத்தால் கடைசியில் ஏதாவது ஒரு பழைய துறைமுகத்தில்தான் போய் முடிப்பேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஊர் தேடும்போது அவர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

“கரையோர ஊர் என்றால் பீச்தானே? இதில் என்ன தனியாக இருக்கிறது?”

கடற்கரை மட்டும் இல்லை. ஆற்றங்கரை, ஏரிக்கரை, காயல், கழிமுகம் எல்லாமே இதில் சேரும். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் ஏரிக்கரை ஊர். கொலம்பியாவின் மொம்போஸ் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, மக்தலேனா ஆற்றின் கரையில் இருக்கிறது.

பொழுதுபோக்கு பீச் என்பது தண்ணீரைப் பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டியது. நான் சொல்லும் ஊர்கள் தண்ணீரை வைத்துப் பிழைக்க வந்தவர்கள் கட்டியவை. சரக்கு ஏற்ற, இறக்க, காற்றுக்கும் ஓதத்துக்கும் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) காத்திருக்க, சுங்கம் வசூலிக்க. அதனால் கரையில் முதல் வரிசையில் கிடங்கும் சுங்கச்சாவடியும் படித்துறையும் இருக்கும். சாய்வு நாற்காலி போட இடம் தேடினால் கிடைக்காது.

“அவ்வளவு பெரிய துறைமுகமாக இருந்தது என்கிறீர்கள். அப்புறம் எப்படி இப்படிச் சிறுத்துப் போனது?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளும். அடிக்கடி கண்ணில் படும் காரணம் வண்டல். ஆறு கொண்டுவரும் மண் முகத்துவாரத்தில் படிந்து திட்டாகும். சின்னப் பாய்மரக் கப்பல் அதைத் தாண்டிவிடும், பெரிய கப்பலுக்கு அடி தட்டும். வியட்நாமின் ஹோய் ஆனில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானிய, சீன வணிகர்கள் தெரு தெருவாகக் குடியேறி வணிகம் செய்தார்கள். தூ போன் ஆறு தூர்ந்துபோனதும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் வணிகம் பக்கத்து தா நாங்குக்குப் போய்விட்டது. மொம்போஸின் கதை இன்னும் கொடுமை. 1540இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர் அது. ஊரை ஒட்டி ஓடிய கிளை தூர்ந்து, ஆற்றின் பெரும் ஓட்டம் வேறு கிளைக்கு மாறியது. கப்பல்களும் அந்தப் பக்கமே போயின. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஆறு விலகிப் போய்விட்டது.

எல்லாப் பழியையும் மண்ணின் மேல் போட முடியாது. பிரேசிலின் பராத்தி, உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்த தங்கம் கப்பலேறிய இடம். சுரங்கத்திலிருந்து ரியோவுக்கு நேராக ஒரு மலைப்பாதை போட்டதும் பராத்தி ஓரம்கட்டப்பட்டது. பிறகு காப்பி வந்து கொஞ்சம் நிமிர்ந்தது, ரயில்பாதை வந்து மறுபடி சாய்ந்தது. ஜப்பானின் தோமோநோஉரா, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் ஓதங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. உள்கடலில் போகும் பாய்மரக் கப்பல்கள் ஓதம் திரும்பும்வரை அங்கே காத்திருந்தாக வேண்டும், அந்தக் காத்திருப்புதான் ஊரின் வருமானம். நீராவிக் கப்பல் ஓதத்துக்குக் காத்திருக்குமா? ஃபிஜியின் லெவுக்காவைக் கெடுத்தது மலை. 1874இல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தபோது அதுதான் தலைநகரம். பின்னால் செங்குத்தான மலை, முன்னால் கடல், ஊர் வளர இடமே இல்லை. 1882இல் தலைநகரத்தை சுவாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நெதர்லாந்தின் எங்க்ஹாய்சன் வேறு ரகம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த ஊர், பிற்காலத்தில் மீன்பிடித்துப் பிழைத்தது. 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டிக் கடலையே அடைத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் மெல்ல நன்னீராகி, கடல் ஏரியானது. தண்ணீர் மாறினால் மீனும் மாறும், மீன் மாறினால் தொழில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“அப்படியென்றால் ஊர் அழகாக இருப்பதற்குக் காரணமே அது தோற்றுப்போனதுதானா?”

பெரும்பாலும் அப்படித்தான், கேட்கக் கசப்பாக இருந்தாலும். வியாபாரம் செழித்த துறைமுகங்கள் பழைய கிடங்கை இடித்துப் புதிது கட்டின, தெருவை அகலமாக்கின, படித்துறையை மூடிக் கான்கிரீட் தளம் போட்டன. கையில் காசில்லாத ஊர் இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. ஓடு ஒழுகினால் ஓட்டை மாற்றியது, அவ்வளவுதான். இன்று நாம் ரசிக்கும் அமைதி, எவருடைய தாத்தாவோ பிழைப்பு தேடி ஊரைவிட்டுப் போனதால் வந்த அமைதி.

ஆனால் வறுமை தானாகவே காப்பாற்றிவிடும் என்று நினைக்கக் கூடாது. தோமோநோஉராவில் 1983இல் துறைமுகத்தின் ஒரு பகுதியை நிரப்பி, குறுக்கே பாலம் கட்டத் திட்டம் வந்தது. குறுகிய தெருவில் வண்டி போக முடியாமல் திணறியவர்களுக்கு அது தேவையாகத்தான் பட்டது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், ஊரின் காட்சியும் காக்கப்பட வேண்டிய ஒன்று என்று சொல்லித் திட்டத்தைத் தடுத்தது, பின்னர் அது கைவிடப்பட்டது. பாலம் கேட்டவர்களை வில்லன்களாக்கிக் கதை சொல்வது சுலபம். தினமும் அந்தத் தெருவில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிடுவது நாமல்ல என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

“முன்பு கடல் கோட்டைச் சுவர் வரைக்கும் இருந்தது, இப்போது பின்வாங்கிவிட்டது என்கிறார்களே, உண்மையா?”

சில இடங்களில் உண்மை. பல இடங்களில் பாதி உண்மை. பிரான்சின் தெற்கில் ஏக்-மோர்த் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயருக்கே ‘செத்த தண்ணீர்’ என்றுதான் பொருள். ஒன்பதாம் லூயி மன்னன் 1248இலும் 1270இலும் சிலுவைப் போருக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். இன்று மதிலின் மேல் நின்றால் கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இடையில் உப்பளங்கள். உடனே ‘கடல் பின்வாங்கிவிட்டது’ என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். உண்மையில் மன்னன் காலத்திலேயே ஊர் கடலை ஒட்டி இல்லை. உப்பங்கழிகளின் வழியே வாய்க்கால் வெட்டித்தான் கடலுக்குப் போனார்கள். அந்த வழி தூர்ந்துகொண்டே வந்தது. 1481இல் மார்செய் பிரெஞ்சு முடியாட்சிக்குள் வந்துவிட்டது. கையில் நல்ல துறைமுகம் இருக்கும்போது தூர்ந்த வாய்க்காலை மீண்டும் மீண்டும் வெட்ட யாருக்கு மனம் வரும்?

எனவே இந்தக் கதையை யாராவது சொன்னால், கடல் நகர்ந்ததா, நிலம் வளர்ந்ததா, அல்லது வாய்க்காலைப் பராமரிப்பதை நிறுத்தினார்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

“நான் வரலாறெல்லாம் படித்தவன் இல்லை. போய் நின்றால் எதைப் பார்ப்பது?”

கீழே பாருங்கள். வாசற்படி எவ்வளவு உயரம், எத்தனை படி, எந்தப் படி வரை பாசி. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை ஊர் அங்கே எழுதி வைத்திருக்கும். பராத்தியின் பழைய தெருக்கள் நடுவில் குழிந்து வாய்க்கால்போல இருக்கும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய பெரிய ஓதத்தில் கடல் தெருவுக்குள் நுழைந்து, வடியும்போது குப்பையையும் அள்ளிக்கொண்டு போகும்படி அமைத்தது அது. தண்ணீர் கண்ணாடிபோல நிற்கும் அரைமணி நேரத்தில் வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் தலைகீழாகத் தெரியும், எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் எடுத்து முடித்ததும் வாசற்படியை ஒருமுறை பாருங்கள். தண்ணீர் அதன் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றிருக்கும்.

ஜப்பானின் இனே என்ற இடத்தில் விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 230 படகு வீடுகள் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கின்றன. கீழ்த்தளத்துக்குள் படகு நேராக நுழையும், மேலே வலையும் சாமானும், பிறகு மனிதர்களும். வேறெங்கும் இப்படிக் கட்டினால் முதல் ஓதத்திலேயே வீடு நனையும். இங்கே ஓதம் ஏறி இறங்குவதே அரை மீட்டர் அளவுதான், வாயில் ஒரு தீவு நின்று அலையைத் தடுக்கிறது. காரணம் தெரிந்தபின் அந்த வீடுகள் வேறு மாதிரித் தெரியும்.

அப்புறம் மேலே பாருங்கள். ஹோய் ஆனின் பழைய வணிகர் வீடுகளில் மாடித் தரையில் ஒரு திறப்பு இருக்கும். வெள்ளம் வந்தால் கீழே இருக்கும் சரக்கை அதன் வழியே மேலே இழுத்துக்கொள்வார்கள். சில வீடுகளில் வெள்ளம் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரிலேயே குறித்திருப்பார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் தோள் எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும்.

“ஓதம் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டுமா?”

கடலோரமாக இருந்தால், ஆமாம். ஒரே ஊர் ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் வேறொன்று. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை 8 மணிக்குத் ததும்பிய துறை இன்று 8 மணிக்கு இன்னும் நிறையாது. ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஒரு நிமிட வேலை.

மத்தியதரைக் கடலிலும் பால்டிக் கடலிலும் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அங்கே இந்தக் கவலை வேண்டாம். மற்ற இடங்களில் வற்றத்தின்போது சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளைப் பார்த்து ‘ஊர் செத்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். ஆறு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

“எந்த மாதம் போனால் கூட்டம் இருக்காது?”

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரு மாதம் கிடையாது. உச்சப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய மூன்று வாரமும் முடிந்தபின் வரும் மூன்று வாரமும் என் தேர்வு. தங்குமிடம், படகு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் மட்டும் குறைவு. முழு ஓய்வுப் பருவத்தில் போனால் ஊரே உங்களுக்குத்தான், ஆனால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், படகு வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்பார்கள். இன்னொன்று, சின்ன அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும், பல இடங்களில் திங்கள். எதற்காகப் போகிறீர்களோ அதன் விடுமுறை நாளை முதலில் பாருங்கள்.

“ஒரே நாளில் போய்விட்டு வந்தால் போதாதா? சின்ன ஊர்தானே!”

போதும், ஊரைச் சுற்றிவர. ஆனால் ஊரின் இரண்டு நல்ல நேரங்கள் உங்களுக்குக் கிடைக்காது. கடைசிப் பேருந்தோ படகோ போனபிறகு ஒரு மணி நேரம், மறுநாள் முதல் வண்டி வருவதற்கு முன் ஒரு மணி நேரம். பகலில் கடை விரித்திருக்கும் திண்ணையில் மாலையில் அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கொடுக்கத் தோன்றினால் அதுதான் நேரம்.

ஊருக்கும் அதுதான் நல்லது. காலையில் வந்து மாலையில் போகிறவர் விட்டுச்செல்வது பெரும்பாலும் நெரிசலும் குப்பையும்தான். ஓர் இரவு தங்குபவர் அறைக்குக் கொடுக்கிறார், இரண்டு வேளை சாப்பிடுகிறார், மழை வந்தால் குடை வாங்குகிறார். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைச் சுவரில் ஒட்டிய பழைய தாளை நம்பாமல் படகுக்காரரிடமே கேளுங்கள். நான் ஒருமுறை தாளை நம்பித் துறையிலேயே பை தலைக்கு வைத்துப் படுத்தேன். நாயும் நானும்.

“பட்டியல் ஒன்று கொடுங்களேன், அதன்படி போய்விடுகிறோம்.”

கொடுக்க மாட்டேன், ஆனால் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ஆறு கடலில் சேரும் இடங்களைப் பாருங்கள். மக்கள்தொகைக்குப் பொருந்தாமல் பெரிதாக ஒரு கோயிலோ தேவாலயமோ மசூதியோ சுங்கக் கட்டடமோ தெரிந்தால் அந்த ஊர் ஒரு காலத்தில் பெரிதாக இருந்திருக்கிறது. ரயில்பாதை ஊரைத் தொடாமல் பத்திருபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறதா? இன்னும் நல்லது. ‘முன்னாள் தலைநகரம்’ என்ற சொல்லைத் தேடினாலே பாதி வேலை முடியும். லெவுக்காவும் அப்படி, 1898 வரை போர்ச்சுகீசியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைநகராக இருந்த மொசாம்பிக் தீவும் அப்படி. அந்தத் தீவின் பெயரைத்தான் பின்னாளில் நாடே எடுத்துக்கொண்டது.

பெயர்களையும் கவனியுங்கள். தென் அமெரிக்காவின் கோடியில் இருக்கும் ஹார்ன் முனைக்குப் பெயர் கொடுத்தது நெதர்லாந்தின் ஹோர்ன் என்ற சின்னத் துறைமுகம். 1616இல் அந்த முனையைச் சுற்றிப் போனவர்களில் வில்லம் ஸ்கௌட்டன் அந்த ஊர்க்காரர்.

“யுனெஸ்கோ பட்டியலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா?”

கட்டடங்கள் நன்றாக இருக்கும் என்று நம்பலாம். அமைதியாக இருக்கும் என்று நம்ப முடியாது. மொம்போஸ் 1995இல் பட்டியலில் சேர்ந்தது, போய்ச்சேர்வது கடினம் என்பதால் அங்கே கூட்டம் நெருக்கவில்லை. ஹோய் ஆன் 1999இல் சேர்ந்தது, இன்று மாலை வேளைகளில் அங்கே தோள் உரசாமல் நடக்க முடியாது. லெவுக்கா 2013இல்தான் சேர்ந்தது, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. போக்குவரத்து எவ்வளவு சுலபம் என்பதுதான் கூட்டத்தை முடிவுசெய்கிறது, பட்டியல் அல்ல. பக்கத்தில் விமான நிலையமும் நேர்ப் பேருந்தும் இருந்தால் கூட்டத்தை எதிர்பார்த்துப் போங்கள்.

“ஹால்ஷ்டாட் படங்கள் பார்த்தேன், சொர்க்கம்! அது அமைதியான ஊர்தானே?”

படத்தில் அமைதி. சுமார் 750 பேர் வசிக்கும் ஊர் அது, உச்சப் பருவத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர்வரை வந்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் இந்த ஊரைப் போலவே இன்னொரு ஊரைக் கட்டி 2012இல் திறந்தார்கள். அசல் ஊரில் 2023இல் படம் எடுக்கும் இடத்தை மறைத்து மரவேலி எழுப்பிப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் சுற்றுலாக் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லிப் போராட்டமும் நடத்தினார்கள்.

ஆனால் படம் எடுத்துவிட்டு ஓடுபவர்கள் தவறவிடும் விஷயம்தான் எனக்கு முக்கியம். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இடமே இல்லாத ஊர். 1890இல்தான் முதல் சாலை வந்தது, அதுவரை படகு அல்லது ஒற்றையடிப் பாதை. மேலே மலைக்குள் உப்புச் சுரங்கம், ஏழாயிரம் ஆண்டு பழமை. ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இடுகாட்டுக்கும் இடம் போதவில்லை. அதனால் சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து எலும்புகளை எடுத்து, மண்டையோட்டில் பூவும் இலையும் பெயரும் வரைந்து ஓர் அறையில் அடுக்கினார்கள். சுமார் 1,200 மண்டையோடுகள், அதில் பாதிக்குமேல் வரைந்தவை. கடைசியாக வைத்தது 1995இல். மேலே லெவுக்காவுக்குச் சொன்ன அதே இடநெருக்கடிதான், இங்கே அது இறந்தவர்களையும் விடவில்லை.

“நீங்களே இப்படி எழுதினால் அங்கேயும் கூட்டம் வந்துவிடாதா?”

நியாயமான குத்தல். அதனால்தான் பட்டியல் கொடுக்கவில்லை, ஏற்கெனவே பலருக்குத் தெரிந்த ஊர்களையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். யாருமே போகாவிட்டாலும் ஊருக்கு நல்லது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் மூடி, படகுச் சேவை நின்று, பூட்டிய வீடுகள் மட்டும் மிஞ்சிய ஊரைக் காப்பாற்றிவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. கொஞ்சம் பேர், கொஞ்சம் நாள் தங்கி, வருடம் முழுவதும் பரவலாக வந்தால் போதும். ஒரே சன்னல் வழியாக எல்லோரும் ஒரே படத்தை எடுக்க வருவதுதான் சிக்கல். அந்தப் படத்தை இருப்பிடக் குறியோடு போடாமல் இருப்பது நம்மால் முடிந்த சின்ன வேலை.

“புதிதாகக் கட்டிவிட்டுப் பழசு மாதிரிக் காட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

மூலைகளைப் பாருங்கள். உண்மையான பழைய சுவரில் வண்டிச் சக்கரம் உரசிய தழும்பு, அடைத்த சன்னலின் வடு, இரண்டு மூன்று விதமான செங்கல் இருக்கும். எல்லா வீடும் ஒரே வண்ணத்தில், ஒரே எழுத்துருவில் பெயர்ப்பலகையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். துணி காய்கிறதா, தண்ணீர்க் குழாய் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், மனிதர்கள் வசிக்கும் வீட்டில் அதெல்லாம் இருக்கும். எங்க்ஹாய்சனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம்போல, கடல் அடைபட்டதால் அழியவிருந்த வீடுகளை வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து வைத்து, அதைச் சொல்லியும் விட்டால் அதில் ஏமாற்று இல்லை.

“இந்தத் துறைமுகங்கள் பலவற்றில் அடிமை வணிகம் நடந்ததாமே. அங்கே போய் ‘அழகு, அமைதி’ என்று சொல்வது சரியா?”

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். போகலாம். ஆனால் முழுக்கதையோடு பார்க்க வேண்டும். மொசாம்பிக் தீவின் அழகான கல்வீடுகளுக்குப் பின்னால் மனிதர்களை ஏற்றுமதி செய்த பணம் இருக்கிறது. பராத்தியின் தெருக்கல்லைப் பதித்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள், தங்கத்தை மலையிறக்கிச் சுமந்தவர்களிலும் அவர்கள் உண்டு.

அந்தச் சின்ன ஊரில் நான்கு பழைய தேவாலயங்கள் ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒன்று ஊரின் தலைமைத் தேவாலயம், ஒன்று மேட்டுக்குடி வெள்ளைப் பெண்களுக்கு, ஒன்று விடுவிக்கப்பட்ட கலப்பினத்தவருக்கு, ஒன்று அடிமைகளுக்கு. கடவுளுக்கு முன்னால் நிற்கவும் தனித்தனி வாசல். வழிகாட்டி கட்டடக்கலையை மட்டும் சொல்லி நகர்ந்தால், ‘இதற்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது?’ என்று கேளுங்கள். பதிலைவிட, அவர் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பதிலேயே நிறையத் தெரியும்.

“கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்களே. என் பேரப்பிள்ளைகள் பார்க்க இந்த ஊர்கள் இருக்குமா?”

சில இருக்கும், சில பெரும் செலவில் இருக்கும். பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு: நல்ல எண்ணத்தில் செய்யும் அவசர வேலை. செனகலின் செயின்ட் லூயி, செனகல் ஆற்றின் நடுவில் ஒரு குறுகிய தீவிலிருந்து தொடங்கிய நகரம். இன்று நகரம் பெரிது, ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய தீவு சிறியதுதான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீண்ட மணல்திட்டு. 2003இல் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வராமல் இருக்க அந்தத் திட்டில் 4 மீட்டர் அகலத்துக்கு அவசரமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் கடல் அந்த வழியை விடவில்லை. வாய்க்கால் அகன்றுகொண்டே போய்க் கிலோமீட்டர் கணக்கானது, திட்டின் மேல் இருந்த குடியிருப்புகளையும் கடல் கொண்டுபோனது.

இதற்கு எதிர்முனை எங்க்ஹாய்சன். அணை ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றியது, இரண்டாவது பதிலில் சொன்னதுபோல் தொழிலை எடுத்துக்கொண்டது. தண்ணீரோடு கணக்குத் தீர்ப்பது எப்போதும் இப்படித்தான், ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் செலவு.

“வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?”

போகலாம், தெருக்கல்லை முதலில் பார்த்துவிட்டு. பராத்தியின் கற்கள் உருண்டையும் மேடுபள்ளமுமாக இருக்கும், பிடித்துக்கொண்டு நடந்தாலும் கணுக்கால் திரும்பும். லெவுக்காவில் ஒரு குன்றுக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பெயரே ‘199 படிகள்’. மொம்போஸ் மாதிரி ஆற்றங்கரைச் சமவெளி ஊர்கள் மேல். தங்குமிடம் ஊருக்குள்ளேயே, தரைத்தளத்தில் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும்.

“தண்ணீர் அசையாமல் இருக்கிறதே, குளிக்கலாமா?”

ஊர்ப் பிள்ளைகள் எங்கே குதிக்கிறார்களோ அங்கே மட்டும், அவர்கள் குதிக்கும் நேரத்தில் மட்டும். முகத்துவாரத்தில் மேலே அசையாத தண்ணீருக்குக் கீழே ஓதம் திரும்பும்போது இழுவை பலமாக இருக்கும். பழைய படித்துறையின் அடிப்படிகளில் பாசி வேறு.

“சொன்னபடி ஒரு ஊருக்குப் போனேன். ஒன்றுமே இல்லை! ஏமாற்றமாக இருந்தது.”

நடக்கும். சில ஊர்களில் உண்மையிலேயே ஒன்றும் மிஞ்சியிருக்காது. சில ஊர்கள் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம், அதில் தப்பில்லை. ஆனால் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், ஓதம் எந்தப் பக்கம் இருந்தது, யாரிடமாவது பேசினீர்களா என்று மட்டும் கேட்பேன். பெரிய கட்டடத்தைத் தேடிப் போனால் இந்த ஊர்கள் ஏமாற்றத்தான் செய்யும்.

ஏக்-மோர்த்தின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்துக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உச்சிக்குப் போய் உப்பளத்தைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கோபுரத்தின் ஓர் அறையில் நடுத்தரையில் வட்டமான திறப்பு ஒன்று இருக்கிறது. மதத்தைக் கைவிட மறுத்ததற்காக மரி துய்ரான் என்ற புராட்டஸ்டன்ட் பெண்ணை 1730இல் அங்கே அடைத்தார்கள். வெளியே வந்தது 1768இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்தத் திறப்பின் கல் விளிம்பில் ‘எதிர்த்து நில்’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது, அவர் கீறியது என்றே சொல்கிறார்கள். நிமிர்ந்து நடந்தால் கண்ணில் படாது, குனிய வேண்டும்.